ஷகிராவுக்கு வந்தா நியூஸ்... டீச்சருக்கு வந்தா?

'வாக்கா வாக்கா' பாட்டுக்கு ஆடாத காலேஜ் கல்ச்சுரல்ஸ் இருக்கா பாஸ்? அதைப் பாடிய ஷகிராவாலேயே 2017 கடைசியில் பாட முடியலை. வலது குரல் நாணில் ரத்தக்கசிவு. ஐரோப்பா டூர் 2018-க்குத் தள்ளிப்போச்சு. கொலம்பியாவில் பிறந்தவர், ஸ்பானிஷ் பேசுறவங்களோட செல்லப் பாடகி... விடுவாங்களா? 'குரலுக்குக்கூட அடிபடுமா?'ன்னு ரசிகர்கள் பதறினாங்க.

படும். தொண்டைக்குள்ளே இருக்கிற ரெண்டு சின்ன மடிப்புதான் குரல் நாண். ஒரு பெண் பேசும்போது அது செகண்டுக்குச் சுமார் 200 தடவை அதிருது. இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு உடனே, 'இதுக்கு மெயின்டெனன்ஸ் யார் பண்றா?'ன்னுதான் கேட்கத் தோணுச்சு. நாள் முழுக்கக் கத்தினா, கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரி அதில் முடிச்சு விழும். ஸ்பெயின் அரசாங்கம் 2006-லேயே இதைத் தொழிலால் வரும் நோய்னு பட்டியலில் சேர்த்துடுச்சு. டீச்சர், பாடகர், நடிகர், கால் சென்டர் ஊழியர் எல்லாருமே அதில் வர்றாங்க. நல்ல விஷயம்!

ஆனா, அமெரிக்காவில் இருக்கிற ஸ்பானிஷ்காரங்க கதை வேற. 2020 கணக்கெடுப்புப்படி ஹிஸ்பானிக் மக்கள் 6.21 கோடி பேர். பல வீடுகளில் பேச்சு ஸ்பானிஷில்தான். குரல் கம்மினா 'ரோன்கேரா'ம்பாங்க. தேன், எலுமிச்சை கலந்து சூடா ஒரு கப். (நம்ம வீட்டுச் சுக்குக் கஷாயம் மாதிரியேதான்!) சளியால் வந்ததுன்னா சரியாயிடும். முடிச்சுன்னா?

டாக்டர்கிட்ட போனா, குரலால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்குதுன்னு அளக்க 30 கேள்வி வெச்சிருக்காங்க. சம்பாத்தியம் குறையுதா, நாலு பேர்கிட்ட பேசத் தயங்குறீங்களா... இப்படி. இங்கிலீஷில் அது வந்தது 1997-ல். ஸ்பெயின் டாக்டர்கள் அதை ஸ்பானிஷில் சோதிச்சு, சரியா அளக்குதுன்னு வெளியிட்டது 2007-ல். பத்து வருஷம்! இதைப் படிச்சப்போ எனக்குக் கடுப்பாயிடுச்சு. வலியைத் தாய்மொழியில் சொல்லவே ஒருத்தர் இவ்வளவு காத்திருக்கணுமா?

ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். 1999-ல் பிரேசிலில் ஆரம்பிச்சது. (அங்கே பேசுறது போர்ச்சுகீஸ்.) அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசலில் போஸ்டர் ஒட்டுறது ஓகேதான். ஆனா, கேட்டா எனக்கு ஸ்பானிஷ் ரேடியோவைத்தான் சொல்லத் தோணும். சமையலறையிலும் வேலை செய்யிற இடத்திலும் ஓடுறது அதுதானே? கம்மின குரல் நாலு வாரத்தில் சரியாகலைன்னா, குரல் நாணை கேமராவில் பார்க்கணும். சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது; தொண்டைப் புற்றுநோயின் முதல் அடையாளம் வெறும் கரகரப்பாக்கூட இருக்கலாம். ரேடியோவில் இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.