ஏழு மீற்றர் வீடு

வீட்டைப் பூட்டித் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டு ஊர் பார்க்கப் புறப்படுவது ஒரு வகை. வீட்டையே ஓட்டிக்கொண்டு புறப்படுவது மற்றொரு வகை. பிழைப்பின் பொருட்டு வண்டியிலே வாழ்ந்தோர் உலகெங்கும் பன்னெடுங்காலமாக உள்ளனர். ஆனால் வசதியான இல்லம் ஒன்று இருக்கவும், இன்பத்துக்கென்றே வண்டிவீட்டில் ஏறியவருள் முன்னோடி என்று ஸ்கொத்லாந்து வைத்தியர் ஒருவரைக் கூறுவர். வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பது அவர் பெயர். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகக் கடமையாற்றியவர். சிறுவர்க்குக் கதைகள் எழுதிப் பேர் பெற்றவர். 1885ஆம் ஆண்டிலே "வாண்டரர்" என்னும் பெயரில் ஒரு மரவீட்டு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து இன்வர்னஸ் நகர்வரை சென்றார். அவருடைய பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, பின்னால் ஒரு பெருவண்டி வருகின்றதென எதிர்ப்படுவோரை எச்சரிப்பானாம்.

அந்தப் பணியாளின் வேலையை இன்று வீதிச் சட்டங்களும் சீட்டுகளும் செய்கின்றன. இதனை நன்கு அறிந்தது இந்த வைகாசியிலேதான். இங்கிலாந்தில் வாழும் எங்கள் குடும்பம், வாடகைக்கு எடுத்த ஒரு மோட்டார் வீட்டில் பிரான்சு நாட்டுக்குப் பதினைந்து நாள் போய்வர ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றது. கலேயில் இறங்கி, நோர்மண்டிக் கரையோரமாகச் சென்று, லுவார் ஆற்றங்கரையை அடைவதே திட்டம்.

ஏன் இந்த வண்டி என்று நண்பர்கள் கேட்கின்றனர். அம்மாவுக்காக என்பதே விடை. அப்பா காலமான பின் அம்மா எங்களுடன் வந்து சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வயது எழுபத்தாறு. முழங்கால் நோவு, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இரவில் இருமுறையேனும் எழும்ப வேண்டும். கோவிலுக்கும் வைத்தியசாலைக்கும் அன்றி வேறெங்கும் அவர் வந்ததில்லை. சொந்தக் கட்டில், சொந்த அடுப்பு, நாலடியில் மலகூடம் என்று எல்லாம் கூடவே வருமாயின் வருவார் என்று என் கணவர் கணக்குப் போட்டார். லுவார் ஆறு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் நீளமானது, பிரான்சிலேயே மிக நீண்டது என்று பேரப்பிள்ளைகள் சொன்னபோது, "கோடையிலும் தண்ணி ஓடுமோ?" என்று அம்மா கேட்டார். அந்த ஒரு கேள்வியை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் கடதாசி வேலை. எங்கள் நால்வரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு உண்டு. அது வழங்கப்பட்டுப் பத்தாண்டு கடவாததாகவும், திரும்பி வரும் நாளுக்கு அப்பால் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருத்தல் வேண்டும். அம்மாவினது இலங்கைக் கடவுச்சீட்டு. அவருக்குச் செங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் வந்துவிட்ட பயணத்துக்கு விண்ணப்பித்துப் பயனில்லை. குறைந்தது 30,000 யூரோ வரை வைத்தியச் செலவை ஏற்கும் காப்புறுதியும் காட்டவேண்டும். விரலடையாளம் கொடுக்கும் இடத்தில் அம்மாவின் விரல்களைக் கருவி எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மியும் உரலும் தேய்த்த விரல்கள் அல்லவா! மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது.

வண்டிக்கும் கடதாசி உண்டு. வாடகை வண்டியைப் பிரித்தானியாவுக்கு வெளியே கொண்டு செல்வதாயின் வி.ஈ.103 என்னும் சான்றிதழைப் பெற்றுக் கையில் வைத்திருத்தல் வேண்டும். 2021 செப்டெம்பர் 28ஆந் திகதியிலிருந்து, வண்டியின் பின்புறத்தில் பழைய "ஜீ.பி." எழுத்துகளுக்குப் பதிலாக "யூ.கே." எழுத்துகள் இருக்கவேண்டும். ஒளி தெறிக்கும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் பிரான்சில் கட்டாயம். அங்கே வீதியின் வலப்பக்கமாக ஓட்டுவதால், எங்கள் முன்விளக்கின் கதிர் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். அதைத் திருப்புதற்கு விளக்குக் கண்ணாடியில் ஒட்டும் சிறு தகடு விற்கின்றார்கள். வண்டியின் உயரத்தை மீற்றரிலே ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண் முன்னே ஒட்டியிருக்கின்றோம். 2.9 மீற்றர். காசு வாங்கும் பெருந்தெருக்களிலும் இந்த உயரத்தைப் பார்த்தே கட்டணம் விதிக்கின்றார்கள். மூன்று மீற்றரை எட்டினால் கட்டணம் கூடும்.

கப்பலா, சுரங்கமா என்ற கேள்விக்கு அம்மாவின் முழங்காலே தீர்ப்பளித்தது. கப்பலாயின் வண்டித்தளத்தில் எவரும் தங்க இயலாது, படியேறவேண்டும். 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கமோ ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமானது. வண்டியைப் புகைவண்டியின் வயிற்றுக்குள் ஏற்றிவிட்டால், ஏறினவர் அவரவர் வண்டியிலேயே இருக்கலாம். முப்பத்தைந்து நிமிடத்தில் மறுகரை. சமையல்வாயு உருளையை மட்டும் இறுக மூடிவிடவேண்டும். அந்த உருளையைப் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் உருளையின் வாயும் பிரான்சு நாட்டு உருளையின் வாயும் பொருந்தா. ஆகையால் பதினைந்து நாளுக்குமான வாயுவை இங்கிருந்தே கொண்டு போகின்றோம்.

அடுத்தது அடுப்படி. இங்கேதான் அம்மா உற்சாகங்கொண்டார். சட்டமும் இங்கேதான் குறுக்கே வந்தது. 2021 தொடக்கத்திலிருந்து பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்வகையும் கொண்டு செல்லலாகாது. ஆகவே நெய்யும் தயிரும் தள்ளுபடி. பச்சைக் காய், இலை, பழம் என்பவற்றுக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். ஆயின் ஐந்து பழங்களுக்கு அந்த விதியில்லை: அன்னாசி, வாழை, பேரீச்சை, தூரியன், தேங்காய். பட்டியலை மகள் வாசித்தபோது தேங்காய் என்ற சொல்லைக் கேட்டு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கறிவேப்பிலைக்கு அந்தச் சலுகை இல்லையென்றதும், "அதுக்கென்ன, வறுத்துத் தூளுக்குள்ள போட்டாப் போச்சு" என்று அன்றே இரண்டு கிலோ யாழ்ப்பாணத்துத் தூள் இடிப்பித்துவிட்டார். கருவாட்டுக்கோ, குடல் நீக்கியதாயின், சட்டத் தடை இல்லை. ஏழு மீற்றர் நீளமான அறைக்குள் கருவாடு பொரித்துவிட்டு அதற்குள்ளேயே ஐந்து பேர் உறங்குவது எங்ஙனம் என்பதே தடை. என் கணவர் அதிலே உறுதியாக இருந்தார்.

இஞ்சியும் உள்ளியும் இடிக்கும் சிறு கல்லுரல் ஒன்றையும் அம்மா துணியிற் சுற்றி வைத்திருந்தார். ஐந்து கிலோ. அது பிறகு பார்ப்போம் என்று ஒரு பக்கமாக வைக்கப்பட்டது.

ஏனெனில், இந்தப் பயணத்தின் பெருஞ்சிக்கல் பாதையுமன்று, பாஷையுமன்று. நிறைதான். பிரித்தானியாவிலே 1997 சனவரி முதலாந் திகதிக்குப் பின் சாதாரண மோட்டார் வண்டிக்குச் சாரதிப் பரீட்சை எழுதித் தேறியவர், இத்தகைய வண்டியை அதன் அதிகூடிய நிறை 3,500 கிலோவாக இருக்கும்வரைதான் ஓட்டலாம். என் கணவர் 2004இல் தேறியவர். ஆகவே எங்கள் வண்டி அந்த அளவுக்குள் அமைந்தது. வண்டியின் நிறை மட்டுமன்று இது. வண்டி, எண்ணெய், ஆட்கள், பாத்திரம், பாய், தலையணை, தண்ணீர், தேங்காய் யாவும் அதற்குள் அடங்கவேண்டும். மிஞ்சினால் குற்றம், தடுப்பான் பிடிக்கும் தூரமும் நீளும், விபத்து நேரின் காப்புறுதிக்காரர் கைவிரிக்கவும் கூடும்.

புறப்படுதற்கு மூன்று நாள் முன்னதாக வண்டியை எடுத்துவந்து, எண்ணெயும் வாயு உருளையும் நிரப்பி, பாரவண்டிகளை நிறுக்கும் மேடைக்குக் கொண்டுபோனார் என் கணவர். ஆளில்லாமல், தண்ணீரில்லாமல் 2,980 கிலோ. எஞ்சுவது 520. இது பெருந்தொகை என்றே யாருக்கும் தோன்றும். பின்னர் குளியலறைத் தராசைக் கூடத்தில் வைத்து ஒவ்வொருவராக ஏறினோம். கணவர் 78, நான் 62, மகன் 60, மகள் 42, அம்மா 51. ஆக 293. இனி மிச்சம் 227. தண்ணீர்த்தொட்டி நிறைந்தால் 100 லீற்றர், அதாவது 100 கிலோ. பிள்ளைகளின் இரண்டு மிதிவண்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 35. நாற்காலி, மேசை 25. மிஞ்சியது 67 கிலோ. ஐவரின் உடுப்பு, போர்வை, சமையற் சாமான், உணவு, மருந்து ஆகியவற்றை மகன் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்து எழுதியிருந்தான். 140.

எழுபத்து மூன்று கிலோ கூட. கணவர் தாளைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிள்ளைகள் மிதிவண்டியைப் பற்றி வாதாடத் தொடங்கினர். அந்த இரைச்சலுக்கு நடுவே அம்மா எழுந்து தம் அறைக்குப் போய், தாம் மடித்து வைத்திருந்த சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் வைக்கலானார். நான் பின்னாலே போனேன்.

"என்னை விட்டிட்டுப் போங்கோ, பிள்ளை. நான் ஒருத்தி நிண்டால் அம்பத்தொரு கிலோ. பிறகு நீங்கள் இருபதைக் குறைக்கிறது பெரிய வேலையில்லை."

கோபமாகச் சொன்னாரில்லை, கணக்கைச் சரியாகத்தான் சொன்னார். அந்தச் சரியான கணக்கு என்னைச் சுட்டது. எங்கள் மொழியில் பாரம் என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து உண்டு. வயதானவர்கள் எப்போதும் இரண்டாவது கருத்தையே கேட்கின்றார்கள். "அம்மா, நீங்கள் வராவிட்டால் இந்த வண்டி எங்களுக்கு எதற்கு?" என்று நான் சொன்னதை அவர் ஒரு மரியாதை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார் போலும், சேலையை மடிக்கும் கை நிற்கவில்லை.

கணவர் தாளும் கையுமாக வாசலில் வந்து நின்றார். "மாமி, இதில என்னத்தைக் குறைக்கலாம் எண்டு நீங்களே ஒருக்காப் பாருங்கோ" என்றார். அவர் ஆறுதலுக்குக் கேட்டாரோ, வழி தெரியாமற் கேட்டாரோ, நான் அறியேன். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதென்ன தம்பி, தண்ணி நூறு கிலோ?"

குடிக்க, குளிக்க, கழுவ என்று அவர் விளக்கினார்.

"நாங்கள் பரந்தனிலையிருந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டிலில போற காலத்தில ஆர் தண்ணியைக் கட்டிக்கொண்டு போனது? வாளியும் கயிறும் கொண்டு போனம். ஒரு செம்பு தண்ணி, குழந்தையளுக்கு. வழிவழிய கிணறு இருந்துது. பிரான்சில கிணறு இல்லையோ?"

உண்டு. பிரான்சில் எத்தனையோ சிற்றூர்களின் நகரசபைகள், இவ்வகை வண்டிகளுக்கென்றே தரிப்பிடம் அமைத்து வைத்திருக்கின்றன. "ஏர்" என்று அவற்றைச் சொல்கின்றனர். நல்ல தண்ணீர் நிரப்பக் குழாய், பாவித்த நீரை ஊற்ற வடிகால், மலகூடப் பேழையைக் கழுவ ஓரிடம் எல்லாம் அங்கே உள்ளன. சிலவற்றில் இலவசம், சிலவற்றில் சில யூரோ. பனிக்காலத்தில் குழாய்களை மூடிவிடும் ஊர்களும் உண்டு. நாங்கள் போவதோ யூன் மாதம். மாலையில் தங்கும் இடத்தில் நிரப்பி, காலையில் வெறுமையாக்கிப் புறப்படலாம். வழிக்கு 20 லீற்றர் போதும். எண்பது கிலோ ஒரேயடியாக இறங்கிற்று.

அதன்மேல் ஏழு கிலோ இடைவெளிதான் கிடைத்தது. அது போதாதென்று மிதிவண்டிகளையும் நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு வருத்தமே. ஆயினும் பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டித் தொங்கும் சுமை, துலாவின் நுனியில் ஏறிய ஆளைப்போல், தன் நிறைக்கு மேலாகவே பின்னச்சை அழுத்தும் என்றும், அச்சுக்கும் தனியாக ஓர் எல்லை உண்டென்றும் கணவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். மகனுக்குப் பாடசாலையில் படித்த நெம்புகோல் நினைவுக்கு வந்தது. வாதம் முடிந்தது.

சேலைகள் மறுபடியும் பெட்டிக்குள் வந்தன. நான் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. இரத்த அழுத்த மாத்திரைகளையும் வைத்தியரின் மருந்துச் சீட்டின் பிரதியையும் கைப்பையில் வைத்தேன். இரவில் எழும்புவதற்கு வசதியாகக் கீழ்க்கட்டில் அம்மாவுக்கு. அதன் விளிம்பில் பிடித்தெழும்ப ஒரு கயிற்றுவளையம் கட்டியாயிற்று. அடுப்புக்கும் மலகூடக் கதவுக்கும் இடையே ஒரு சாணே இருப்பதுதான் அவருக்கு இன்னும் மனத்துக்கு ஒவ்வாமல் இருக்கின்றது. வளவின் கோடியில் அதைக் கட்டிய ஊரிலே பிறந்தவரல்லவா? ஒரு தடித்த சீலையைத் திரையாகத் தைத்துக்கொண்டிருக்கின்றார்.

நேற்றைக்கு எல்லாவற்றையும் ஏற்றி, ஐவரும் ஏறி, மீண்டும் அந்த மேடைக்குப் போனோம். முழங்கால் நோவுள்ளவர் என்று கண்ட மேடைக்காரர், ஆட்களின் நிறை ஏற்கெனவே தெரியுமாயின் பாட்டியார் இறங்கிக் கதிரையில் இருக்கலாம் என்று அன்பாகச் சொன்னார். அம்மா இறங்கவில்லை. தம்மையும் சேர்த்தே நிறுக்கும்படி சொல்லச் சொன்னார். சீட்டில் 3,460 என்று விழுந்தது.

நாற்பது கிலோ மிச்சம். அதில் ஐந்தைக் கல்லுரலுக்கு ஒதுக்கிவிட்டோம். நாளை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுகின்றோம்.