பில் இருக்குக்கா

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள், வேலை முடிந்து சாயங்காலம் ஆறரை மணிக்குக் கீழே இறங்கி வந்தேன். காலையில் நிறுத்திய இடத்தில் என் சைக்கிள் இல்லை.

"பூட்டுனீங்களா?" கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். பூட்டித்தான் இருந்தேன். பின் சக்கரத்தில் வண்டியோடு சேர்ந்தே வருமே, அந்த வளையப் பூட்டு. சாவி என் கைப்பையில் பத்திரமாக இருந்தது, வண்டிதான் போய்விட்டது. மறுநாள் பஞ்சர் கடை அண்ணன் சிரித்தார். "அது சக்கரம் சுத்தாம இருக்கத்தாம்மா. ரெண்டு பேர் தூக்கி குட்டியானையில போட்டா முடிஞ்சுது கதை." சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறேன். முதுகலையில் சமூகவியல் படித்தேன். இந்த எளிய விஷயம் எனக்கு உறைக்க ஒரு வண்டி போக வேண்டியிருந்தது.

சரி, ஏன் தெருவில் நிறுத்தினேன்? எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்கு அடித்தளத்தில் பார்க்கிங் உண்டு. காருக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், பைக்குக்கும் கோடு போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கு இடமில்லை. "வெளிய சுவரோரமா விட்டுடுங்க மேடம், எல்லாரும் அங்கதான் விடுறாங்க" என்று முதல் நாளே காவலாளி சொல்லியிருந்தார். அந்த 'எல்லாரும்' யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. குப்பை எடுக்க வருபவர்கள், கழிவறை சுத்தம் செய்யும் அக்காக்கள், பேப்பர் போடுபவர், காவலாளியேதான். அந்தக் கட்டடத்தில் சைக்கிளில் வேலைக்கு வரும் அத்தனை பேரும் தெருவில் நிறுத்துகிறோம். பல லட்சம் ரூபாய் காருக்குக் கேமராவும் காவலும் உண்டு. இழந்தால் ஒரு மாத வாழ்க்கையே ஆட்டம் காணும் வண்டிகள் மழையில் நிற்கின்றன.

காவலாளி என் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "குப்பை எடுக்க வர்ற பையன் மத்தியானம் உங்க வண்டிகிட்டதான் நின்னுட்டிருந்தான் மேடம். எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேளுங்க."

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நொடி எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவள் நான். 'குற்றப் பரம்பரை' பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்த நொடியில் அதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தத் தம்பியைப் பார்த்தேன். பத்தொன்பது வயது இருக்கும். நான் விசாரிக்கப் போகவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தானா என்று கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு போனை எடுத்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு படத்தைக் காட்டினான். அவனுடைய சைக்கிள் வாங்கிய ரசீதின் படம். "என் வண்டிக்கு பில் இருக்குக்கா."

நான் அவன் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. காணாமல் போனது என் வண்டி. ஆனால் ஒரு சைக்கிள் தொலைந்தால் எதை முதலில் நிரூபிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பில் இருந்தது. அப்பாவின் தகரப் பெட்டிக்குள், ரேஷன் கார்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். நாலாக மடித்து மடித்து அதன் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்கியவர். காலனியிலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். தெரு முனையில் இறங்குவார், வண்டியை உருட்டிக்கொண்டு போவார், கோயிலைத் தாண்டியதும் ஏறிக்கொள்வார். இறங்கச் சொல்லி யாரும் பலகை வைத்ததில்லை. ஒருமுறை இறங்காமல் போனபோது மறித்து, "ஏது இந்த வண்டி? யாரோடது?" என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் அந்த பில் பெட்டிக்குள் போனது. திருடன் கொண்டுபோய்விடுவான் என்ற பயத்தால் அப்பா அதைப் பாதுகாக்கவில்லை. தன்னைத் திருடன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

2005-ல் பதினோராம் வகுப்பில் எனக்கு அரசு சைக்கிள் கிடைத்தது. அந்தத் திட்டமே முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவில் இறங்கவில்லை. சீருடையும் அரசு வண்டியும் இருந்ததால் யாரும் மறிக்கவும் இல்லை. முறைத்தார்கள், அவ்வளவுதான். அப்பா மட்டும் கடைசிவரை இறங்கி உருட்டினார்.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. நாடாளுமன்றம் சட்டப் புத்தகத்தில் 'சைக்கிள்' என்று தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை ஊர்களில் எத்தனை அப்பாக்கள் இறங்கி உருட்டியிருப்பார்கள்!

என் வண்டிக்கு வருகிறேன். காவல் நிலையத்துக்குப் போனேன். பழைய வண்டியாக 3,200 ரூபாய்க்கு வாங்கியது. எழுத்தர் தொகையைக் கேட்டார், பேனாவை மூடி வைத்தார். "ஐயாயிரத்துக்குக் கீழன்னா எஃப்ஐஆர் வராதும்மா." தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்து வாதாடினேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. 2024 ஜூலை 1 வரை இருந்த பழைய சட்டத்தில் திருட்டு என்றால் தொகை எதுவானாலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் முறை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. இந்தக் கடைசிப் பகுதியில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு சைக்கிளுக்காக எந்தப் பையனும் சிறைக்குப் போக வேண்டாம். ஆனால் 4,900 ரூபாய் வண்டியில் விடியற்காலை நாலரைக்கு வேலைக்குப் போகிற அக்கா, அது தொலைந்தால் கோர்ட்டுக்கு எந்த நாளில் லீவு போட்டுப் போவார்? அவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தில் கொடுங்கள், சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால் நகலை இணையுங்கள். வாங்கிய பிறகு போட்ட டயர், கேரியர், கூடை எல்லாவற்றையும் கணக்கில் எழுதுங்கள். பொய்யாக ஏற்றி எழுதத் தேவையில்லை, ஆனால் நம் பொருளை நாமே மலிவாகச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கும்தான். எடுத்த எடுப்பில் 'பழைய வண்டி சார்' என்று நானே ஆரம்பித்தேன்.

வண்டி கிடைக்கவில்லை. வேறொன்று வாங்கினேன். இந்த முறை பஞ்சர் கடை அண்ணன் சொன்னபடி செய்தேன். வளையப் பூட்டைப் போடுகிறேன், அதோடு கனமான சங்கிலி ஒன்று. சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் கோத்தால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். சட்டம், பின் சக்கரம், அசையாத கம்பி மூன்றையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். கம்பியை ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள், சில அறிவிப்புப் பலகைகளின் கால்கள் கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டைப் பெரிய கட்டிங் பிளேயரே வெட்டிவிடும். சங்கிலி தரையில் கிடந்தால் கல்லை வைத்து அடித்து உடைக்க வசதி, அதனால் தொய்வில்லாமல் உயரத்தில் இருக்கட்டும். ரயில் நிலையத்தில் விடுபவர்கள் காசைப் பார்க்காமல் டோக்கன் போடும் ஸ்டாண்டில் விடுங்கள். இரவில் அங்கேயே விடுவதாக இருந்தால் கட்டாயம்.

பூட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு எண் அடித்திருப்பார்கள், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், சிலவற்றில் சீட்டுக்குக் கீழே. அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதிந்துவிடும். அந்த எண், நீங்கள் வண்டியோடு நிற்கும் படம், பில் மூன்றும் போனில் ஒன்றாக இருக்கட்டும். தொலைந்த வண்டி எங்காவது கிடைத்தால் உங்களுடையது என்று சொல்ல அதுதான் வழி.

கட்டடச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதினோம். மூன்று மாதம் பதில் இல்லை. நேரில் போனபோது "அவங்க வண்டியெல்லாம் உள்ள விட்டா..." என்று ஒருவர் ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அவங்கன்னா யாரு சார்? நானும் சைக்கிள்தான்" என்றேன். தை மாதம் அடித்தளத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு இரும்புக் கம்பி பதித்தார்கள். ஆறு சைக்கிள் நிற்கும். இருப்பது ஒன்பது. மூன்று இன்னும் தெருவில்தான் நிற்கின்றன. மறுபடியும் மனு எழுதியிருக்கிறோம்.

கம்பி பதித்த அன்று தாளும் பென்சிலும் கொண்டுபோனேன். ஒன்பது வண்டியின் எண்ணையும் எடுத்தோம். அந்தத் தம்பி தன் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். எண் தெளிவாக விழுந்ததும் தாளை வாங்கி, மடிக்காமல், அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.