மாமாவின் லாட்டரி நோட்டு

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா. தாண்டினதும் லாட்டரிக் கடை. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தாச்சு. கேரள அரசு 1967-ல் ஆரம்பித்தது இன்னும் ஓடுகிறது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாமா. கொத்தனார். வாரம் இரண்டு தடவை எல்லை தாண்டுவார். நாலு வருஷத்து ரிசல்ட்டை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். "மக்கா, அடுத்தது ஏழுலதான் முடியும், பாத்துக்கோ" என்பார். அத்தையின் வளையல் அடகுக் கடையில்.

அக்காள் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறவன். நோட்டின் பின்பக்கம் எழுதினான்: 7, 6, 1, 8, 11. "அடுத்தது என்ன மாமா?" மாமா முழித்தார். விடை 10. முந்தின எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். 16 எண் முடிந்தால் மறுபடி 7. கம்ப்யூட்டரின் 'ரேண்டம்' பெரும்பாலும் இப்படித்தான், என்ன, சுற்று மட்டும் ரொம்பப் பெரிசு :)

அவன் படிப்பது ஹாஸ்கெல். அதில் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் வரணும். அப்புறம் எப்படி ரேண்டம்? காமர்ஸ் மக்களுக்குச் சுலபம். இன்றைய குளோசிங் பேலன்ஸ்தானே நாளைய ஓப்பனிங் பேலன்ஸ்? அதேபோல ஒவ்வொரு தடவையும் எண்ணோடு ஒரு புது நிலையும் கிடைக்கும். அதை அடுத்த கணக்குக்குக் கொடுக்கணும். பழசையே கொடுத்தால் பழைய எண்ணே வரும்.

ஹாஸ்கெலின் பழைய முறை மெதுவாக ஓடியது. 2014-ல் கை ஸ்டீல், டக் லீ, கிறிஸ்டின் ஃப்ளட் மூவரும் ஸ்ப்ளிட்மிக்ஸ் முறையை வெளியிட்டார்கள். 64 பிட் எண்ணோடு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒற்றைப்படை எண்ணைக் கூட்டி, பிட்டுகளை நன்றாகக் கலக்கி விடுவது. கணக்கை இரண்டாகப் பிரிக்கவும் செய்யலாம், பிராஞ்ச் ஆபீசுக்குத் தனி லெட்ஜர் போடுவது மாதிரி. ஒரே லெட்ஜருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். 2020-ல் ஹாஸ்கெலின் ரேண்டம் நூலகம் இதற்கு மாறியது. வேகம் எகிறியது.

எல்லாம் கேட்ட மாமாவின் கண் பளிச்சிட்டது. "அப்பம் லாட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டும்லா மக்கா?"

பையன் பயந்து போனான். சொல்ல வந்தது ஒன்று, மாமாவுக்குப் புரிந்தது வேறொன்று. "இல்ல மாமா. அது திருவனந்தபுரத்துல ஜனங்க முன்னால மெஷின்ல சுத்துற சக்கரம். நேத்தைக்கு என்ன வந்ததுன்னு அதுக்குத் தெரியாது."

ஓப்பனிங் பேலன்ஸே இல்லாத கணக்கு அது. அதற்கு நாலு வருஷத்து நோட்டு எதற்கு?

மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் களியக்காவிளை பஸ் ஏறினார். நோட்டை மட்டும் எடுக்கவில்லை.

வளையல் இன்னும் வரவில்லை.