கோணமலைக்கு ஒரு பயணத் திட்டம்

மலைக்கோயிலுக்குப் போவதென்றால் நம்மவர்க்குத் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் தேவைப்படுவதில்லை. நாள் பார்த்து, பஸ் பேசி, புளிச்சோறு கட்டிக்கொண்டால் காரியம் முடிந்தது. ஆனால், மேல்வகுப்பு மாணவர் முப்பது பேரையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குச் செல்வதென்று ஆசிரியர்களாகிய நாம் தீர்மானித்தபோது மூன்று மாலைப்பொழுதுகள் விவாதத்திலேயே கழிந்தன.

“பகுத்தறிவு பேசுகிற நமக்குக் கோயில் யாத்திரை எதற்கு?” என்றார் இளைய நண்பர் ஒருவர். “கும்பிடப் போகிற இடத்திலே சரித்திரப் பாடம் எதற்கு?” என்றார் மூத்தவர் ஒருவர். இருவருக்கும் நாம் சொன்ன விடை ஒன்றே. கும்பிட விரும்புகிறவன் கும்பிடட்டும். விரும்பாதவன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஆனால் அந்த மலைக்கு ஏறும் வழியைக் கண்ணைத் திறந்துகொண்டு கடக்காமல் எவனும் திரும்பக்கூடாது.

அந்த வழி அப்படிப்பட்டது. கடலினின்று செங்குத்தாக எழும் பாறையின் உச்சியிற் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் பாடிய தலம். எனினும் அங்கே போகிறவன் முதலிற் புகுவது கோபுர வாசலுக்குள் அன்று, கோட்டை வாசலுக்குள். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். இடித்த கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். 1803இல் ஆங்கிலேயர் தம் அரசகுமாரன் ஒருவனின் பெயரை அதற்குச் சூட்டினர். பிரெடரிக் கோட்டை என்ற அப்பெயர் இன்றும் மாறவில்லை. வாசற் கல்லொன்றிலே கயல் உருவமும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் உள்ளன. பெரியோர் சிலர் அச்சாசனத்தில் பறங்கியரின் வரவு பற்றிய தீர்க்கதரிசனத்தைக் காண்பர். நமக்கோ தீர்க்கதரிசனத்தைவிட, கோயிற்கல் கோட்டைச் சுவரான கதையே போதிய அதிசயமாகப் படுகிறது.

இதைச் சமயவெறி என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. சமயவெறி இருந்தது உண்மை. பாறையின் காலடியில் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று கிடந்ததும் உண்மை. ஆண்டவன் இருந்த இடத்திற் பீரங்கி நிற்கவேண்டியிருந்தது. கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் விட்டுப்போனது 1957இல். அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள் பற்றி இந்திய நிறுவனத்தோடு புதிய உடன்படிக்கைகள் எழுதப்பட்டது 2022 ஜனவரியில். அத்துறைமுகத்தின்மேல் வல்லரசுகளுக்குள்ள கண் இன்னும் மூடவில்லை என்பதை மாணவர் மலையுச்சியில் நின்றே காணலாம்.

கோயில் மீண்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1950இல் நகரசபைக்காகக் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய தெய்வப் படிமங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் பாறையடியிற் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். சுழியோடிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. கிணறு வெட்டியவர்களின் பெயர்களை எவரும் சொல்லக் கேட்டிலோம். புதிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963 மார்ச்சில் நிகழ்ந்தது.

இனி, விவாதத்தில் நம்மை மிக வருத்திய விஷயம். அது 1968ஆம் ஆண்டு. அந்த ஆண்டிலேதான் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம், கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயக் குழுவொன்றை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பைக் கேட்டுப் பிரதமர் டட்லி சேனநாயக்க அதைத் தடுத்தார். அமைச்சர் பதவி துறந்தார். இதை நம் வீடுகளிலே இன்றும் கொதிப்போடு சொல்வார்கள். கொதிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அதே 1968இல், நம் வீடுகளிலிருந்து சைக்கிளிற் போகக்கூடிய மாவிட்டபுரத்திலே, கந்தசுவாமி கோயிலுக்குள் தங்களையும் விடும்படி கேட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் அவர்களை மறித்து நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகவும் காணப்பட்டார். திருகோணமலையில் நம் கோயிலுக்கு உரிமை கேட்ட சமூகம், மாவிட்டபுரத்திலே தன் பிள்ளைகளுக்கே கதவைச் சாத்தியது.

“இதை அங்கே வைத்துச் சொன்னால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடாதா?” என்று மூத்தவர் கேட்டார். பாறை ஏறும்போது முதற்கதையையும், வீடு திரும்பும் பஸ்ஸில் இரண்டாவதையும் சொல்லலாம் என்று சமரசம் பேசினார் இன்னொருவர். நாம் இணங்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில், கோட்டை வாசலிலேயே, ஒரே மூச்சிற் சொல்லப்படும்.

வாசலுக்கு அப்பால் இன்றும் இராணுவம் முகாமிட்டிருக்கிறது. மான்கள் திரிகின்றன. பாதையோரத்திற் சிறுகடைகள் இருக்கின்றன. கடைக்காரரிற் பெரும்பாலார் சிங்களவர். அக்கடைகளைப் பற்றி 2022இல் பெரிய சர்ச்சை எழுந்தது. கோயிற் சூழல் யாருடையது என்ற கேள்வி வெறும் பொய்க்கேள்வி அன்று; தொல்பொருள் என்ற பெயரால் அதிகாரம் என்ன செய்கிறதென்பதை நாம் அறிவோம். மகாசேனன் கோகர்ணத்திலே தேவாலயத்தை அழித்து விகாரை கட்டினான் என்று மகாவம்சமே எழுதிவைத்ததும் நமக்குத் தெரியும். ஆயினும் அந்த மன்னனுக்கும், சங்கும் வளையலும் விற்றுப் பிழைக்கிற கிழவிக்கும் கணக்கை ஒன்றாக எழுதலாமா? மாணவர் ஏதேனும் வாங்கட்டும். விலை பேசவாவது சிங்களத்தில் நாலு வார்த்தை பேசட்டும்.

பாதை பற்றித் தகராறு இல்லை. கண்டி வீதியால் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. போகும்போதே கன்னியா வெந்நீர்க் கிணறுகள். மாரியில் அக்கடல் கொந்தளிக்கும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறை.

பணந்தான் இடித்தது. பட்டியலிற் பெயர் கொடாத மாணவி ஒருத்தியைக் கேட்டோம். “நான் முந்தியே போய்ப் பாத்திட்டன் சேர்” என்றாள். தகப்பன் கூலிவேலை செய்பவர். அவள் வவுனியாவுக்கு அப்பால் எங்கும் போனதில்லை என்பது அவளுடைய தோழிகளிடம் விசாரித்தபோது தெரிந்தது. அதன்பின் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கைக் கிழித்துவிட்டோம். ஆசிரியர் ஒவ்வொருவரும் சம்பளத்திற்கேற்பப் போடுவது, பெற்றார் இயன்றதைத் தருவது, யார் எவ்வளவு தந்தார் என்பதை எழுதுவதில்லை.

சாப்பாட்டில் மறுபடியும் இடறினோம். அவரவர் வீட்டிலிருந்து பொட்டலம் கொண்டுவரட்டும் என்பது சுலபமான வழி. சுலபமானது ஏனென்றால் யார் கையால் யார் உண்பது என்ற கேள்வியே அங்கு எழாது. நம் ஊரிற் பல சுற்றுலாக்கள் இப்படித்தான் சண்டையின்றி நடக்கின்றன. எனவே வேண்டுமென்றே ஒரே பானை என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, சமையல் மாணவரே.

அறிவித்தல் வீடுகளுக்குப் போன இரண்டாம் நாள், நன்றாகப் படித்த தகப்பனார் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். பஸ்ஸைப் பற்றிக் கேட்டார், இராணுவச் சோதனை பற்றிக் கேட்டார். எழுந்து போகும்போதுதான், “சமைக்கிறது ஆர் ஆர் எண்டு முடிவாச்சுதோ மாஸ்ரர்?” என்றார். அகரவரிசைப்படி ஐவர் ஐவராக என்றோம். பட்டியலை வாங்கி இருமுறை பார்த்தார். அனுமதிக் கடிதத்தைக் கையெழுத்திடாமலே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் வெள்ளிக்கிழமை காலை நான்கு மணிக்குப் புறப்படும். அவருடைய மகனின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது குழுவில், அரிசி கழுவும் வேலை.