அம்மாவின் ரப்பர் செருப்பு

ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்கப் போனபோது, விற்றவர் கடுவனுக்கு மட்டும்தான் விலை சொன்னார். "பொட்டைய யாரு தம்பி கேக்குறா? வேணும்னா இதையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க." அப்படித்தான் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டும் வீட்டுக்கு வந்தன. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. கடுவனுக்கு மணி, பெட்டைக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தோம்.

நாலாம் மாதத்திலிருந்து தினமும் காலையில் மொட்டை மாடியில் பயிற்சி. தனித்தனியாக, ஆளுக்குப் பத்து நிமிஷம். கையில் அவித்த ஈரல் துண்டுகள். உட்காரு, இரு, வா, மூன்றே சொல். வெள்ளச்சி 'இரு'வை மூன்று நாளில் பிடித்துக்கொண்டாள். மணிக்கு மூன்று வாரம் ஆனது. கொஞ்சம் வளர்ந்ததும் தெருவில் ஒரு கம்பத்தை விடமாட்டான். மோந்து, காலைத் தூக்கி, அதற்குப் பிறகுதான் ஈரல்கூட. ஆனால் அதட்டினால் அடுத்த நிமிஷமே மறந்துவிட்டு வாலை ஆட்டுவான். வெள்ளச்சியிடம் ஒருமுறை குரலை உயர்த்தினால் அன்று முழுக்க என் பக்கம் திரும்பமாட்டாள்.

இதை வைத்து நான் ஒரு சித்தாந்தமே கட்டிவிட்டேன். கடுவன் முரடு, ஆனால் வெள்ளந்தி. பெட்டை கெட்டிக்காரி, ஆனால் ரோஷக்காரி. இரண்டே நாயைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை தெருவில் ஒரு பெட்டை ஹீட்டுக்கு வந்தது. மணி சுவரேறிக் குதித்து ஓடிப்போய், இரண்டு நாள் கழித்துக் கிழிந்த காதோடு வந்தான். "ஆம்பளப் பய, அப்படித்தான் இருப்பான்" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மருந்து போட்டுவிட்டேன்.

வெள்ளச்சிக்கு ஒன்பதாம் மாதத்தில் முதல் ஹீட். மணியைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினோம். அது முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அம்மாவின் ரப்பர் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். கூப்பிட்டால் வரவில்லை. சோறு வேண்டாம், ஈரல் வேண்டாம். கையை நீட்டினால் உறுமினாள். ஏழு மாதப் பயிற்சி ஒரே நாளில் போச்சே என்ற ஆத்திரம். கழுத்துவாரில் மாட்டும் கயிற்றால் இரண்டு அடி வைத்தேன். அவள் செருப்பை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு அடியை முதுகில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் அவள் மடியை மெல்ல அழுத்தினார். பால் கசிந்தது.

"சினை இல்ல சார். ஆனா உடம்பு சினைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு." ஹீட் முடிந்தால், இணைந்தாலும் இணையாவிட்டாலும், பெட்டை நாயின் உடம்பில் சினைக்கால ஹார்மோன் இரண்டு மாதம்போல ஓடுமாம். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏறும். சில நாய்கள் பொம்மையை, துணியை, செருப்பைக் குட்டியாக்கிக் காக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகிவிடும்.

மணியை ஓடவைத்ததும் ஹார்மோன்தான். அவனுக்கு மருந்து, இவளுக்குக் கயிறு.

மூன்றாம் வாரம் செருப்பை அவளே விட்டுவிட்டாள். என்னிடம் திரும்ப அதைவிட நாளானது. இன்றும் பயிற்சி தொடங்கும்முன் கயிற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்காருகிறேன். மணி ஓடிவந்து மடியில் விழுவான். வெள்ளச்சி முதலில் கயிறு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.