கழற்றிய ப்ளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்!

வீட்டிலேயே ஸ்பார்க் ப்ளக் மாற்றுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. அதிலும் மாருதி 800 என்றால் ரொம்பவே சுலபம். 1983-ல் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியில் 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர், மூன்றே மூன்று ப்ளக். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு ப்ளக்கும் 1500 தடவை பொறி தட்ட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்?

முதல் விதி, எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரலாம். அப்புறம் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் செலவு! ப்ளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, ஒயரை இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஒரு ப்ளக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இல்லாவிட்டால் ஒயர்கள் இடம் மாறிவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். கழற்றிய ப்ளக்குகளை 1, 2, 3 என்று வரிசையாகப் பேப்பரில் வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் சூடு அதிகம். ஆயில் பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் பழைய 800 வாங்கிய குடும்பத்திடம் "எஞ்சினைப் பிரிக்கணும் சார்" என்று மெக்கானிக் சொன்னால், விவரம் தெரியாதவர் தலையாட்டத்தான் முடியும். மூன்று ப்ளக்கிலும் வெறும் கரிதான் என்று கண்ணால் பார்த்தவர், "முதல்ல ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பாருங்களேன்" என்பார். ஒன்றில் மட்டும் ஆயில் இருந்தால், "அந்த சிலிண்டருக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்லுங்க" என்பார். மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பணம் கொடுப்பவருக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

புது ப்ளக்கின் இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிபார்த்து, முதலில் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகுங்கள். மரை ஒழுங்காகப் பிடித்து உட்கார்ந்ததும் ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று போதும். பலத்தைக் காட்ட வேண்டாம்.

மிச்சமாகும் கூலி சொற்பம்தான். அடுத்த முறை வேலையை மெக்கானிக்கிடமே கொடுத்தாலும், பழைய ப்ளக்கை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள்.