அப்பப்பா போட்ட ஓட்டு

பைத்தான் கத்துக்க ஏதாவது ஒரு டேட்டா வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஐபிஎல் ஸ்கோரை எடுத்தார்கள். நான் தேர்தல் முடிவுகளை எடுத்தேன். ஓட்டு சதவீதம் ஒரு காலம், சீட் எண்ணிக்கை அடுத்த காலம். அவ்வளவுதான் ப்ராஜெக்ட். ஆனால் அந்த ரெண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக வாங்கியது 44 சதவீதம் சொச்சம். சீட், 39-க்கு 37. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, சீட் பூஜ்யம். 2024-ல் காற்று மாறி அடித்தது. திமுக கூட்டணிக்கு ஏறக்குறைய 47 சதவீதம், 39-க்கு 39. ரெண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டேன், கமெண்ட்ல யாரும் சண்டைக்கு வராதீங்க.

ஈசிஇ பசங்களுக்கு இது ஈசியா புரியும். 741 ஆப்-ஆம்பை ஃபீட்பேக் இல்லாமல் போட்டால் என்ன ஆகும்? இன்புட்டில் சின்ன வித்தியாசம் இருந்தாலே போதும், அவுட்புட் நேரா சாச்சுரேஷனுக்கு ஓடிவிடும். ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் மட்டும் ஜெயிக்கிற நம்ம முறையும் அப்படித்தான். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் மாதிரி, கெயினைக் குறைக்கும். 2014 கணக்கை அப்படிப் போட்டால் அதிமுகவுக்குப் பதினேழு, திமுகவுக்கு ஒன்பது வருகிறது. முறையை மாத்தினா அதிகாரம் ஒரே இடத்தில் குவியாது என்று ஹாஸ்டலில் எல்லாரிடமும் லெக்சர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் ரூம்மேட் மட்டும் சிரித்தான். அவன் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவன். அவன் அப்பா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தார். இவன் இங்கேயே பிறந்தான், இங்கேயே ஸ்டேட் போர்டு படித்தான், என்னை விட அழகா தமிழ் எழுதுவான். நான் இங்கிலீஷ் மீடியம், இந்தக் கட்டுரையில் சந்திப்பிழை பார்த்ததே அவன்தான். ஆனால் 2024-ல் நாங்கள் எல்லாரும் மை வைத்த விரலை ஸ்டேட்டஸ் போட்டபோது அவன் விரலில் மை இல்லை. அவனுக்கு இங்கே ஓட்டு கிடையாது.

"மச்சான், எங்க அப்பப்பா 1977-ல உதயசூரியனுக்குப் போட்டவர்" என்றான்.

"டேய், மன்னார்ல எங்கடா உதயசூரியன்?"

தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னமும் அதுதானாம். அன்றைக்கு ராத்திரி என் ஸ்கிரிப்ட்டில் இலங்கை டேட்டாவைப் போட்டேன்.

1977 வரை அங்கேயும் நம்ம மாதிரிதான், தொகுதிக்கு அதிக ஓட்டு. 1970-ல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீதம் வாங்கி 17 இடம். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம்தான், ஆனால் 91 இடம். கூட்டணிக் கட்சிகளோடு சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினார்கள். 1972-ல் புது அரசியலமைப்பு எழுதினார்கள், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய 29-ஆம் பிரிவு அதில் இல்லை. பொறியியல், மருத்துவம் சேர தமிழ் மாணவர்கள் கூடுதல் மார்க் எடுக்க வேண்டும் என்று வந்த 'தரப்படுத்தல்' அதே ஆட்சியில்தான். கவுன்சிலிங்கில் அரை மார்க் கட்-ஆஃபுக்கே நாம் அழுதிருக்கிறோம், அதை யோசித்துப் பாருங்கள்.

1977-ல் ஊசல் இந்தப் பக்கம் வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீதம், 168-ல் 140 இடம். ஆறில் ஐந்து பங்கு! சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 30 சதவீத ஓட்டுக்கு 8 இடம். விடுதலைக் கூட்டணிக்கு 7 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் 18 இடம். வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டு ஒரே இடத்தில் திரண்டிருந்ததால் இந்த முறை அவர்களுக்கு லாபமாகவே முடிந்தது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

இங்கேதான் என் லெக்சர் இடித்தது. நான் 'வேஸ்ட் ஆன ஓட்டு' பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அப்பப்பாவின் ஓட்டு வேஸ்ட் ஆகவே இல்லை. அவர் போட்டவர் ஜெயித்தார், கட்சி பிரதான எதிர்க்கட்சி ஆனது, ஓட்டு விகிதத்தை விட அதிக சீட்டும் கிடைத்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஜே.ஆர். ஜெயவர்தனா அந்த ஆறில் ஐந்தை வைத்து 1978-ல் இன்னொரு புது அரசியலமைப்பு கொண்டுவந்தார். ஒரு பக்கம் விகிதாசாரத் தேர்தல் முறை, நான் ஹாஸ்டலில் கேட்ட அதே ரெசிஸ்டர். இன்னொரு பக்கம் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி. அமைச்சர்களை நியமிப்பது அவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பது அவர், தேர்தல் முடிந்து ஒரு வருடம் ஆனால் நாடாளுமன்றத்தைக் கலைக்கக்கூடியவரும் அவர். இனிமேல் நாடாளுமன்றத்தில் யாருக்கும் லேசில் பெரிய மெஜாரிட்டி வராது. ஆனால் வெயிட்டான அதிகாரம் அங்கே இருந்தால்தானே? அது மாடி ஏறிப் போய்விட்டது.

அந்தப் புதுத் தேர்தல் முறையாவது உடனே வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1982 டிசம்பரில் ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். கேள்வி, தேர்தல் இல்லாமலே இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு வருடம் தொடரலாமா என்பது. 54 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். ஆளுங்கட்சி எம்பிக்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களையும் ஜே.ஆர். ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். (லேப் ரெக்கார்டில் தேதி போடாமல் கையெழுத்து வாங்குவோமே, அதன் பயங்கரமான வடிவம்.) 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று எல்லா எம்பிக்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி எம்பிக்கள் எடுக்கவில்லை. இடங்கள் பறிபோயின. ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பப்பா போட்ட ஓட்டு அதோடு முடிந்தது.

விகிதாசாரத்தில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1989-ல். அதே கட்சி, ஏறக்குறைய அதே 50.7 சதவீதம். இந்த முறை 225-ல் 125. முன்பு 83 சதவீத இடம், இப்போது 56 சதவீத இடம். என் ஸ்கிரிப்ட்டில் இவ்வளவு சுத்தமான கம்பாரிசன் வேறெங்கும் கிடைக்கவில்லை. முறை வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2010-ல் ஆளும் கூட்டணி 144 இடம்தான் எடுத்தது. கட்சி மாறி வந்தவர்களைச் சேர்த்து, ரெண்டு முறைக்கு மேல் ஜனாதிபதி ஆகக்கூடாது என்ற தடையை எடுத்துவிட்டார்கள். 2024-ல் தேசிய மக்கள் சக்தி கட்சித் தாவல் எதுவும் தேவைப்படாமல் 61 சதவீதத்தில் 159 இடம் எடுத்தது. மாவட்டத்தில் முதலில் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் சீட் உண்டு, 5 சதவீதம் தொடாத கட்சி கணக்கிலிருந்தே வெளியே. ரெசிஸ்டர் இருக்கு, வேல்யூதான் வேற.

இன்னமும் நம் ஊருக்கு விகிதாசாரம் கொஞ்சமாவது கலக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கால்வாசி ஓட்டுக்கு ஒரு சீட் கூட இல்லை என்பதை எந்த நியாயத்தாலும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் எப்படி எண்ணுவது என்பதை விட, எண்ணி அனுப்புகிற ஆளுக்கு என்ன செய்ய அதிகாரம் இருக்கு, அந்தத் தேர்தல் ஒழுங்கா நடக்குதா என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. சென்னை மாநகராட்சியில் 2016-லிருந்து 2022 வரை தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தபோது யாரிடம் போவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அங்கே என்ன முறை இருந்திருந்தால் என்ன?

வடக்கு மாகாண சபைக்கு நடந்ததும் இதே ரகம். 1987-ல் பதின்மூன்றாவது திருத்தத்தில் வந்தது மாகாண சபை, அதிகாரத்தைக் கொழும்பிலிருந்து கொஞ்சம் கீழே இறக்க. வடக்கில் தனியாக அதற்கு ஒரே ஒரு தேர்தல்தான் நடந்திருக்கிறது, 2013-ல். 2017-ல் தேர்தல் முறையை இன்னும் நல்லதாக்குகிறோம் என்று தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறைக்குச் சட்டம் போட்டார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018-ல் நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் போச்சு, புது முறையும் வரலை. ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள்.

ரூம்மேட்டின் அப்பா இப்போது திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுகிறாராம். மன்னாரில் பதிந்துவிட்டால் இவனுக்கும் ஓட்டு கிடைக்கும் என்று சொன்னேன்.

"எதுக்கு?" என்று கேட்டான்.

"ஜனாதிபதிக்கு, நாடாளுமன்றத்துக்கு."

"மாகாண சபைக்கு?"

போனில் தேடிப் பார்த்தேன். தேதி எதுவும் இல்லை.